நட்சத்திரம் போட்ட முட்டை

அடைக்கு உட்கார்ந்த கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? கண் திறந்துதான் இருக்கும், ஆனால் பார்வை இந்த உலகத்தில் இருக்காது. கூப்பிட்டால் திரும்பாது. தானியத்தை அலகுக்குக் கீழே வைத்தாலும் யோசித்துவிட்டுத்தான் கொத்தும். அந்த மூன்று வாரமும் நான் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன். முன்னறையில் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி கிளம்பும், கொல்லையில் ஒரு கோழி தனக்குத்தானே முனகும். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றபடியே சொக்கிப்போவேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் சலவைக்கடை. கறை எடுப்பதில் எனக்குப் பேர் உண்டு. தெருவில் என்னைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களை விட்டுவிட்டு மேஜை விரிப்பைத்தான் முதலில் பார்ப்பேன். இந்தக் குணத்தோடு எவன் குடித்தனம் நடத்துவான் என்று என் அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது ஒருவர் வந்தார். லாரி ஓட்டுகிறவர். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரோடு ஆறு கோழி, ஒரு சேவல், பதின்மூன்று வயதில் ஒரு மகள் எல்லாரும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள்.

மகளை அவர் குட்டி என்று கூப்பிடுவார். அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். சித்தி என்று கூப்பிடலாம்தான். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை, அந்த இடம் காலியாக இல்லை. அதனால் எனக்கு மொட்டையாக "இங்க பாருங்க" மட்டும் கிடைத்தது. அதுவும் எப்போதாவதுதான்.

அதற்குக் காரணம் நான்தான். அவர்கள் வந்து இறங்கிய அன்று கடையில் மலை மாதிரித் துணி. குட்டியின் துணிப்பையும் அந்தக் குவியலோடு சேர்ந்து கிடந்தது. வெளித்துணிக்கெல்லாம் காலரின் உள்பக்கம் அழியாத மையில் ஒரு அடையாளம் போடுவேன், யாருடையது எது என்று குழம்பாமல் இருக்க. வீட்டுத் துணிக்குக் கிடையாது. கை போன போக்கில் அவளுடைய மஞ்சள் சட்டைக்கும் இன்னும் இரண்டுக்கும் போட்டுவிட்டேன். மறுநாள் அவள் காலரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொடியில் தொங்கிய என் புடவையை, அவள் அப்பாவின் சட்டையை, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எதிலும் அடையாளம் இல்லை. அன்றிலிருந்து தன் துணியைத் தானே கொல்லைக் குழாயடியில் துவைத்துக்கொண்டாள். ஊர் அழுக்கெல்லாம் என்னிடம் வந்தது, என் வீட்டுப் பிள்ளையின் அழுக்கு மட்டும் வரவில்லை. எட்டு மாதம். சொன்னால் வெட்கம், ஆனால் அவள் தேய்க்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன்.

அப்படிப்பட்டவள் விடுமுறைக்கு அவள் சித்தி வீட்டுக்குப் போகும்போது கோழிகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள் என்றால் என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். விருப்பப்பட்டு விடவில்லை, வேறு ஆள் இல்லை. டீச்சர் என்று அவள் பேர் வைத்திருந்த செம்பழுப்புக் கோழி ஒன்பது முட்டைகளின் மேல் அடைக்கு உட்கார்ந்து நான்காவது நாள் அது. இவள் திரும்பி வருவது இருபதாவது நாள். இருபத்தோராவது நாள் குஞ்சு வெளியே வரும். கணக்குப் போட்டுத்தான் கிளம்பினாள்.

கொல்லைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். காலையில் கதவைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் நின்று கேட்கவும், யாராவது தும்மினால் தெரியும். தண்ணீர்ச் சட்டியைக் கழுவிவிட்டு ஊற்றவும், மேலே மட்டும் நிரப்பக் கூடாது. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடி செய்துதான் போடவும், ஓடாகவே போட்டால் முட்டையைக் கொத்தக் கற்றுக்கொள்வார்கள். சாம்பல் குழி ஈரமாகக் கூடாது, பேன் வரும். டீச்சர் ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்குவாள், கால் மணி நேரம், அரை மணிக்கு மேல் போனால் பிடித்து உட்கார வைக்கவும். கடைசியில் அடிக்கோடு போட்டு: டீச்சரின் அடியில் அடையாளம் இல்லாத முட்டை இருந்தால் எடுத்துவிடவும், அது வாடகையுடையது. அடையாளம் இருப்பதைத் தொடக் கூடாது.

வாடகை என்பது இன்னொரு கோழி. தன் பெட்டியில் முட்டை வைக்காது. டீச்சர் இறங்கிய கால் மணி நேரத்தில் உள்ளே புகுந்து அங்கே வைத்துவிட்டுப் போகும். டீச்சரும் வந்து, யாருடையது என்று கேட்காமல் அதையும் வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்பதுக்கு மேல் அதன் இறக்கை எட்டாது. கூடினால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும்.

முதல் மூன்று நாள் தாளில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து செய்தேன். காலையில் கதவுக்கு வெளியே நின்று தும்மலுக்குக் காது கொடுத்தேன். உள்ளே நெல் உமி உரசுவது மாதிரி மெல்லிய சத்தம், இறக்கை விரிப்பது, பரணிலிருந்து ஒவ்வொருவராகக் குதிப்பது. கதவைத் திறந்ததும் வரிசையாக வருவார்கள். சேவல் மாப்பிள்ளை முதலில், வாடகை கடைசியில். அதற்கும் பின்னால், அவசரமே இல்லாமல், மேடம். மேடம் வயதான கறுப்புக் கோழி. கொண்டை வெளிறிப்போய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தானியத்துக்குப் போகும். அந்தப் பார்வைக்கு நான் புடவையைச் சரி செய்துகொள்வேன். எச்சத்தைச் சுரண்டி மரத்தூளைப் பரப்பி முடித்ததும் கூடு சுத்தமாக இருக்கும், எனக்குத் தூக்கம் போல் ஒரு சந்தோஷம் வரும்.

ஏழாவது நாள் கெட்டேன்.

டீச்சர் இறங்கியிருந்தது. பெட்டிக்குள் ஒரு முட்டை உடைந்து, மஞ்சள் கரு எல்லா முட்டைகளின் மேலும் ஒழுகி, வைக்கோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எறும்பு வர ஆரம்பித்திருந்தது. முட்டைக் கறை என்றால் என் கை தானாக வேலை செய்யும். சுடுதண்ணீர் கூடாது, பிடித்துக்கொள்ளும். ஆனால் பச்சைத் தண்ணீர் உள்ளே இருக்கும் உயிருக்கு ஆகாதே என்று வெதுவெதுப்பாகக் கலந்தேன். அவ்வளவு புத்தி இருந்தது. மென்மையான துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, வைக்கோலை மாற்றி, பத்து முட்டைகளை அடுக்கிவைத்தேன். பளபளவென்று இருந்தன. டீச்சர் ஏறி உட்கார்ந்தது. நான் திருப்தியாகக் கைகழுவிக்கொண்டு திரும்பினேன், கதவில் தாள் தெரிந்தது.

பென்சில் அடையாளம். துடைத்துவிட்டேன்.

அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடமாக அடுத்தவர் காலரில் அடையாளம் போட்டே சாப்பிடுகிறவள், ஒரு பிள்ளை போட்டுவைத்த அடையாளத்தை அழுக்கு என்று துடைத்திருக்கிறேன். அவள் தொடக் கூடாது என்று கேட்டது அந்த ஒன்றை மட்டும்தான்.

வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எதில் உயிர் இருக்கிறது என்றாவது தெரியும் என்று மத்தியானம் கடையைச் சாத்தினேன். துணி அடுக்கும் அறையில் யாரோ வாங்காமல் விட்டுப்போன கனமான கறுப்புக் கம்பளி இருந்தது. டார்ச் விளக்கின் வாயில் அட்டையைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு, முட்டைகளைத் துணியில் பொதிந்து எடுத்துவந்து, கம்பளிக்குள் புகுந்துகொண்டேன். உள்ளே இருட்டு, கம்பளி வாடை, என் மூச்சு. ஒரு முட்டையை வெளிச்சத்தின் மேல் வைத்தேன். வெறும் மஞ்சள் வெளிச்சம், ஒன்றும் இல்லை. இரண்டாவதை வைத்தேன். உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய நூல்கள். ரத்தக் கறை என்றுதான் முதலில் மனசு சொன்னது. அடுத்த கணம் அந்தப் புள்ளி அசைந்தது. துடித்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கம்பளிக்கு வெளியே தெரு, ஆட்கள், ஹாரன் எல்லாம் வேறு ஏதோ ஊரில் நடந்தன. என் உள்ளங்கையில் ஒரு சிவப்பு அறை, அதற்குள் ஒருவர் குடியிருந்தார். வாழ்நாளில் நான் எடுக்க விரும்பாத கறை அது ஒன்றுதான்.

பத்தில் ஏழுக்கு உயிர் இருந்தது. மூன்று வெறுமை. வாடகை வைத்தது இரண்டாக இருக்கும், முந்தின நாள் ஒன்றை நான் கவனிக்காமல் விட்டிருப்பேன். கருவே கூடாத கூமுட்டை ஒன்றாக இருக்கும். உடைந்துபோனது அடைக்கு வைத்ததில் ஒன்று. கணக்கு சரியாக வந்தது. ஏழையும் டீச்சரின் கீழ் வைத்துவிட்டு, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் குட்டி போன் செய்தாள்.

"டீச்சர் இறங்கினாளா?"

"இறங்கினா. இருபது நிமிஷம்."

"தண்ணி?"

"கழுவித்தான் ஊத்தினேன். ஒரு முட்டை உடைஞ்சுபோச்சு, குட்டி. ஒண்ணு கூமுட்டை. மிச்சம் ஏழு நல்லா இருக்கு."

"நட்சத்திரம் இருக்கா?" என்றாள்.

"என்ன நட்சத்திரம்?"

"எட்டு முட்டைக்கு வட்டம் போட்டிருப்பேன். ஒண்ணுக்கு மட்டும் நட்சத்திரம். அது மேடமோடது. அம்மா வளத்த கோழி. ரெண்டு மாசத்துல அந்த ஒண்ணுதான் வச்சுது. இனிமே வைக்குமான்னு தெரியாது." எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். "இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வயதான கோழியின் ஓடு மெலிதாக இருக்கும். உடைந்தது அதுவாகவே இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இனி கடவுள் வந்து சொன்னால்தான் உண்டு.

குட்டியின் அப்பாவிடம் போனில் சொன்னேன். லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் முதலில் கேட்டது, "முட்டைய யாராவது தொவைப்பாங்களா?" என்பதுதான்.

"தொவைக்கல. தொடைச்சேன்."

"சரி, தொடைச்ச. இப்ப என்ன, ஒரு பென்சில் எடு, ஆறு வட்டம், ஒரு நட்சத்திரம். முடிஞ்சுது. அவளும் சந்தோஷமா இருப்பா, நீயும் நிம்மதியா இருப்ப."

"பொய் ஆச்சே."

"முட்டைக்கு என்ன பொய் உண்மை. குஞ்சு பொரிச்சா எல்லாம் ஒரே குஞ்சு."

அவர் சுலபமான மனிதர். அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குக் கனவில் நடந்த மாதிரித்தான் ஞாபகம் இருக்கின்றன. காலையில் கதவு, தண்ணீர், தானியம், சாம்பல். மத்தியானம் டீச்சர் இறங்கி, ஒரு வேகத்தோடு தின்று, குடித்து, சாம்பலில் புரண்டு, நேரம் பார்த்தவள் மாதிரித் திரும்பி ஓடும். நான் பெட்டி வாசலில் நின்று வாடகையை விரட்டுவேன். அந்தியில் எல்லாரும் பரணில் ஏறியதும் எண்ணி, தாழ் போட்டு, பூனை தள்ளாமல் செங்கல் வைப்பேன். இஸ்திரி போடும்போது வெள்ளைத் துணியெல்லாம் ஓடு மாதிரித் தெரியும். அடியில் சிவப்பு நூல் ஓடுகிறதா என்று கை தயங்கும். ஒரு மத்தியானம் துணிக் குவியல்மேல் கண்ணயர்ந்தேன். சலவை இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஒரு முட்டை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. கோபமாகவும் இல்லை. "மெதுவா சுத்தட்டும்" என்றாள். விழித்தபோது இஸ்திரிப் பெட்டி சூடாகி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாவது நாள் பென்சிலை எடுத்தேன். ஆறு வட்டம். ஏழாவதாகக் கையில் வந்தது கொஞ்சம் பெரிய முட்டை. மேடமுடையதாக இருக்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு நட்சத்திரம் போட்டேன்.

இருபதாவது நாள் மத்தியானம் குட்டி வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை, நேராகக் கொல்லைக்குப் போனாள். மேடத்தைத் தூக்கிக் கழுத்தைத் தடவினாள், கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். தண்ணீர்ச் சட்டியின் அடியில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். விரல் சுத்தமாக வந்தது. பிறகு டீச்சரின் இறக்கைக்கு அடியில் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒன்றை மட்டும் எடுத்து, நட்சத்திரத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள்.

எட்டு மாதமாக நான் ஏங்கிக்கிடந்த சிரிப்பு. கிடைத்தபோது வாங்கிக்கொள்ள முடியவில்லை. கடைக்குப் போய் ஒரு சட்டையை நான்கு தடவை இஸ்திரி போட்டேன். அந்தி சாய்ந்தபோது குட்டி கோழிகளைக் கூட்டில் அடைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பின்னால் நின்றேன்.

"அந்த நட்சத்திரம் நீ போட்டதில்ல, குட்டி. நான் போட்டது. முட்டை உடைஞ்ச அன்னிக்கு எல்லாத்தையும் தொடைச்சேன், உன் மார்க் எல்லாம் போயிடுச்சு. மேடமோடது எதுன்னு எனக்குத் தெரியாது. உடைஞ்சது அதுதானோ என்னவோ, அதுவும் தெரியாது. போன்ல உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் திரும்பவில்லை. தாழைப் போட்டாள். செங்கல்லை வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "உங்க கோடு கடைசியில வளையும். என் காலர்ல இருக்கிற மாதிரியே. எட்டு மாசமா பாக்கறேனே."

துணியில் மை பரவாமல் பேனாவைச் சட்டென்று இழுத்து எடுப்பேன், அதில் கோட்டின் நுனி வளைந்துவிடும். பென்சிலிலும் கை அதையே செய்திருக்கிறது. எனக்கே இதுவரை தெரியாத விஷயம்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். சரி, இருந்த கொஞ்சமும் போயிற்று என்று நானும் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது தும்மல் இல்லை. வேறு ஒரு சத்தம் இருந்தது, ஊசியால் ஓட்டைத் தட்டுகிற மாதிரி. குட்டி எனக்கு முன்பே வந்து பெட்டியின் எதிரில் மண்டியிட்டிருந்தாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் நகரவும் இல்லை, நகர்ந்துபோகச் சொல்லவும் இல்லை. டீச்சர் அடித்தொண்டையில் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தது, உள்ளிருந்து பதில் வந்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக வந்தன. ஈரமாக, தள்ளாடிக்கொண்டு, உலகத்தின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல். ஒன்று பெட்டியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குட்டி அதைச் சட்டென்று எடுத்துத் தன் மஞ்சள் சட்டைக்குள் நெஞ்சோடு பொத்திக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் ஆறு. சாயங்காலம் வரை காத்திருந்தோம். ஏழாவது அசையவே இல்லை. குட்டி அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு திருப்பினாள். நான் போட்ட நட்சத்திரம்.

நேற்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நுனி வளைந்த கோட்டை இவள் கவனிக்காமலும் இருந்திருந்தால், இந்த நேரத்தில் இவள் கையில் இருப்பது அவள் அம்மா வளர்த்த கோழியின் கடைசிக் குஞ்சின் பிணம். என் பென்சில் அதைக் கொன்றிருக்கும்.

குட்டி என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ.

"இது மேடமோடது இல்ல" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. "இது நீங்க சும்மா போட்டதுதானே." டீச்சரின் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தலைகளைக் காட்டினாள். "இதுல ஏதோ ஒண்ணுதான் அது."

"உடைஞ்சதா இருந்தா?"

"உடைஞ்சது வட்டம் போட்டதுன்னு வச்சுக்குவோம்" என்றாள். "ரெண்டு பேருக்கும் தெரியாதுல்ல." அந்தப் பக்கமாக வந்த மேடம் நின்று, குஞ்சுகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் சாம்பல் குழிக்குப் போயிற்று. குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

விளக்கு வைத்த பிறகு கடைக்குள் காலடிச் சத்தம் கேட்டது. அறையில் இரண்டு கூடைகள் உண்டு. வாசல் பக்கம் வெளித்துணிக்கு, சுவரோரம் வீட்டுத் துணிக்கு. குட்டி வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, மஞ்சள் சட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். நெஞ்சுப் பக்கம் குஞ்சின் ஈரம் காய்ந்து திட்டாகியிருந்தது. சுவரோரக் கூடையில் போட்டாள்.

"முட்டைக் கறை" என்றாள். "சுடுதண்ணி ஊத்திடாதீங்க."

"தெரியும்" என்றேன்.

அவள் போனதும் சட்டையை எடுத்தேன். முட்டைக் கறை பத்து நிமிட வேலை. காலரைத் திருப்பினேன். நுனி வளைந்த அந்த அடையாளம் எட்டு மாதமாக அங்கேயே இருந்தது. இந்த மை போகவே போகாது என்று எல்லாரிடமும் அடித்துச் சொல்வேன். போகும், துணி நோகாமல் எடுக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எடுக்க எனக்கு என்றைக்கோ தெரியும், சட்டைதான் என் கைக்கு வரவில்லை. மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஊறவைத்து, ஒற்றி, அலசி, மறுபடி ஒற்றி, பொழுது சாயும் நேரத்தில் காலர் வெறும் மஞ்சளாக ஆயிற்று.

அதற்கு மறுநாள் காலை குட்டி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கூட்டுக் கதவுக்கு முன்னால் நின்று, காலரின் உள்பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு எனக்கும் இடம் விட்டுத் தள்ளி நின்றாள். இரண்டு பேரும் உள்ளே யாராவது தும்முகிறார்களா என்று கேட்டோம்.